காளீஸ்வரிக்குக் காலில் ஒன்றுமில்லை

ஆமாக்கா, கல்யாணத்துக்குத்தான். பெரியப்பா மக கல்யாணம். பட்டுப்பாவாடை, தாவணி, தல நெறையப் பூவு, பின்ன வேற எதுக்குப் போவாங்க?

நீங்க எந்த ஊரு? சிவகங்கைப் பக்கமா? அருப்புக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா? பொண்ணு கிண்ணு கட்டிக் குடுத்திருக்கீங்களா? இல்லையே? நல்லது. அப்ப உங்ககிட்ட என்னத்துக்குப் பொய் சொல்லணும். கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். எம்பொண்ணுக்கு நாளைக்கு முட்டியில ஆபரேஷன். ஊருல கல்யாணம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதான் இந்த வேஷம்.

டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், பச்சைத் தாவணி. அவதான். பாக்காதீங்க! அப்படிச் சடார்னு எட்டிப் பாக்காதீங்கக்கா, அவளுக்குத் தெரிஞ்சிரும். காளீஸ்வரின்னு பேரு. பதினொண்ணாவது படிக்கிறா. சேந்தாப்புல ரெண்டு இடம் கெடைக்கல. கெடைச்சிருந்தாலும் பக்கத்துல உக்காந்திருக்க மாட்டா. ஒரு மாசத்துக்கு மேல எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசுறதில்ல.

ஏறும்போது பாத்தீங்கல்ல? கம்பியப் புடிச்சு ஒரே எட்டுல ஏறுனாளே, கால்ல கோளாறு இருக்குன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? பக்கத்துல நின்ன உங்களுக்கே தெரியல. அதான் பழக்கம். நான் பழக்கி வெச்சது.

எல்லாம் அந்த டீச்சர் பண்ணுன வேலைக்கா. வினோலியா டீச்சர். பொம்பளப் புள்ளைங்களுக்கு வெளையாட்டு சொல்லித்தர வந்தவங்க. வந்து ரெண்டு வருஷந்தான் ஆகுது. அதுக்குள்ள எங்குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு முன்னாடி ஒரு சார் இருந்தாரு. தங்கமான மனுஷன். அவரு இருந்த பதினோரு வருஷத்துல ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஒரு கட்டு கெடையாது, ஒரு ஆஸ்பத்திரி கெடையாது. புள்ள கீழ விழுந்தா, "எந்திரி, மண்ணத் தட்டிட்டு ஓடு"ன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். புள்ளைங்களும் ஓடுச்சுக. எங்க தெரு மாரித்தாய் மக மட்டும் பாதியில நின்னுக்கிட்டா. அவளுக்குக் கொஞ்சம் கால் வளைஞ்சிருக்கும், நடந்தா கோணும். அது பொறந்ததுலருந்தே இருந்திருக்கும், யாரு கண்டா. இந்தம்மா வந்தாங்க, வந்த மறுவாரம் ஒரு நோட்டப் போட்டாங்க. யாருக்கு எங்க அடி, எந்தக் கையி, எந்தக் காலு, எத்தனை நாள் வெளையாடக் கூடாது, எல்லாம் அதுல எழுதணுமாம். நீங்களே சொல்லுங்க. நோட்டுப் போட்டா அடி படாம என்ன செய்யும்? இவங்க வந்துதான் எங்க ஊருப் புள்ளைங்களுக்கு அடிபடவே ஆரம்பிச்சுது.

எம்பொண்ணு கபடியில லெஃப்ட் கார்னரு. பாடி வர்ற புள்ளையோட கணுக்காலப் புடிச்சான்னா அவ்வளவுதான், உடும்பு மாதிரி. நான் ஒரு தடவ கூட மேட்ச் பாத்ததில்ல. எனக்குப் பயமா இருக்கும். ஆனா வேணாம்னு சொன்னதில்ல. வெளையாட்டுக் கோட்டாவுல போலீஸ் வேலை கெடைக்கும்னு சொன்னாங்க. அதவிட இன்னொண்ணு இருக்கு. அதச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு அக்கா. முத்துப்பேச்சின்னு பேரு. சின்னப்புள்ளையில காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிப்போச்சு. கட்டிக்க யாரும் வரல, எங்கூடவேதான் இருக்காங்க. நான் கல்யாணமாகி வந்த மறுநாளு, குடத்தத் தூக்கிட்டுக் குழாயடிக்குப் போறேன். ஒருத்தி இன்னொருத்திகிட்டச் சொல்றா, "நொண்டி வீட்டு மருமக வந்திருக்கா பாரு"ன்னு. எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தாங்க்கா இருந்துச்சு. சிலிண்டர் போட வர்றவன் கேக்குறான், நொண்டி வீடு எதுன்னு. ரேஷன் கடையில சொல்றான், நொண்டி வீட்டுக் கார்டுன்னு. பதினெட்டு வருஷம்! எங்க நாத்தனாரு அதக் காதுலயே வாங்கிக்க மாட்டாங்க, கம்ப ஊனிக்கிட்டு அவங்க பாட்டுக்குப் போவாங்க, வருவாங்க. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வரும். 

போன வருஷம் எம்பொண்ணு மாவட்டத்துல ஜெயிச்சு வந்தா. பள்ளிக்கூடத்து வாசல்ல ஃபிளெக்ஸ் வெச்சாங்க, அவ படம் பெருசா. அதுக்கப்புறம் ஒரு நாள் கொரியர் குடுக்க வந்தவன்கிட்ட முக்குக் கடைக்காரரு கையக் காட்டிச் சொல்றாரு, "அந்தா, அந்தக் கபடி வீடு." நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அழுதுட்டேங்க்கா. கபடி வீடு! அந்தப் பேரு வாங்க எனக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு. அதத்தான் அந்தம்மா ஒரே நாள்ல கெடுத்துப்புட்டாங்க.

குறுவட்டப் போட்டி, செமி ஃபைனலு. இவ காலப் புடிச்சிருக்கா, அந்தப் புள்ள இவ முட்டி மேலயே விழுந்திருச்சு. விழுந்ததுக்கு நான் யாரையும் குத்தஞ்சொல்லல. வெளையாட்டுன்னா விழத்தான் செய்வாங்க. ஆனா அதுக்கப்புறம் செஞ்சாங்க பாருங்க ஒரு வேலை. தட்டிக்குடுத்து எழுப்பி விட்டிருந்தா எம்பொண்ணு எந்திரிச்சிருப்பா. எழுப்பல. "யாரும் தொடாதீங்க, கால அசைக்காதீங்க"ன்னு கத்தி, மேட்ச நிறுத்தி, அட்டையை வெச்சுக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி, கம்பி வெச்ச பெல்ட்ட மாட்டி, ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்தாங்க. எந்த வழியா? எங்க வீட்டுக்குப் பின்சந்து ஒண்ணு இருக்கு. ஆட்டோ தாராளமா வரும். அதுல வரல. நேரா மெயின் தெரு! அஞ்சு மணி! குழாயில சாயங்காலத் தண்ணி வர்ற நேரம், ஊரே அங்கதான் நிக்குது. ரெண்டு புள்ளைங்க மடியில இவ கால நீட்டி வெச்சு, பாதம் ஆட்டோவுக்கு வெளிய நீட்டிக்கிட்டு, தேரு வர்ற மாதிரி மெள்ள மெள்ள ஓட்டிட்டு வர்றான். ஆட்டம் குடுக்கக் கூடாதாம்.

நான் வாசலுக்கு ஓடுறேன். ஓடிப்போயி முதல்ல என்ன கேட்டேன் தெரியுமா? "ஏன் டீச்சர், பின்சந்து வழியா வந்திருக்கக் கூடாதா?" இது ஒரு தப்பான கேள்வியாக்கா? அந்தம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க. அப்புறம், "ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா. பாதிதான் கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. ஆறு வாரம் கால ஊனாம இருந்தா ஆபரேஷன் இல்லாமலே சரியாயிரும்"னு சொன்னாங்க. சொல்லிட்டு, கக்கத்துல முட்டுக் குடுத்து நடக்குற கட்டை ரெண்ட எடுத்து நீட்டுறாங்க. நடுவாசல்ல! எதுத்த வீட்டுக்காரி பாத்துக்கிட்டே நிக்கிறா. நான் வாங்கி அன்னைக்கே பரண்ல தூக்கிப் போட்டுட்டேன்.

மறுநாள் குழாயடியில ஒருத்தி கேக்குறா. நல்லவ மாதிரி, பதனமா. "என்னம்மா, உங்க வீட்டுக்கு மறுபடியும் அப்படியா?" மறுபடியும்! அந்த ஒரு வார்த்தைதாங்க்கா. ராத்திரியெல்லாம் காதுக்குள்ளேயே நிக்குது. நான் சொன்னேன், "எம்மகளுக்குக் கால்ல ஒண்ணுமில்ல. சும்மா சுளுக்கு. இன்னைக்குச் சாயங்காலம் அவதான் பால் வாங்க வருவா, பாரு."

சொன்னா செய்யணும்ல? பால் சொசைட்டி எங்க வீட்டுலருந்து பத்து வீடு தள்ளி, குழாயடியத் தாண்டி. அஞ்சு மணிக்குப் பெல்ட்டக் கழட்டி வெச்சிட்டு, பாவாடையக் கட்டிவிட்டு, தூக்குவாளியக் கையில குடுத்து அனுப்புனேன். அவ வாசப்படியில நின்னு, "அம்மா, கால வெக்க முடியல"ன்னா. பத்து வீடுதானடி, பல்லக் கடிச்சுக்கன்னேன். மேட்ச்சுல கடிக்கலையா? போனா. போயிட்டு வந்தா. ஒரு பயலும் ஒரு வார்த்தை பேசல. நான் பின்னாலயே பத்தடி விட்டு நடந்தேன், அவ சாய்ஞ்சா எடுத்துச் சொல்ல ஆள் வேணும்ல. "நிமிந்து நட. வலது பக்கம் சாயாத. எட்டு சின்னதா வெக்காத." ரெண்டாம் நாள் உதட்டக் கடிச்சுக்கிட்டே போறா, ரத்தம் கன்னிப்போயி நிக்குது. அது பாத்தாத் தெரியும்ல? அதனால, "சிரிச்சுக்கிட்டே போ"ன்னேன். கெட்டிக்காரப் புள்ள, உடனே புடிச்சுக்கிட்டா. குழாயடிகிட்ட வந்தா ரெண்டு பேருகிட்ட நின்னு பேச்சுக் குடுத்துட்டுக் கூடப் போவா. ஒரு நாள் தவறுனதில்லக்கா. மழை பேஞ்ச அன்னைக்கும் அனுப்புனேன். ஆறு வாரம். நாப்பத்திரெண்டு நாளு. 

வீட்டுக்கு வந்தா முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியிருக்கும். ஒத்தடம் குடுப்பேன், மஞ்சளும் சுண்ணாம்பும் கொழப்பிப் போடுவேன், கையாலயே நீவி விடுவேன். நான் ஒண்ணும் கல்லு நெஞ்சுக்காரி இல்ல. அவ கால மடியில வெச்சுக்கிட்டு நான் அழாத நாள் கெடையாது. ஆனா அழுதாலும் மறுநாள் அஞ்சு மணிக்கு வாளியக் கையில குடுத்துருவேன். பொம்பளப் புள்ள. ஆம்பளப் பய நொண்டுனா வீரம்பாங்க, மாடு புடிச்சவன்பாங்க. இவ நொண்டுனா நாளைக்கு எவன் வீட்டு வாசல் ஏறுவான்?

ஒரு நாள் எங்கிட்டக் கேக்குறா. "அம்மா, வெளிய நல்லாவே நடக்குறேன். வீட்டுக்குள்ள மட்டும் நொண்டிக்கிறேம்மா"ன்னு. அனுமதி கேக்குறாக்கா, சினிமாவுக்குப் போகக் கேக்குற மாதிரி. நான் விடல. வீட்டுக்குள்ள விட்டா அதுவே பழக்கமாயிரும், வெளியிலயும் வந்துரும். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரு நொண்டுனா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்னு சொன்னேன். எங்க நாத்தனாரு தின்னுக்கிட்டிருந்த சோத்தப் பாதியில வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னையிலருந்துதான் இவ எங்கிட்டப் பேசுறத நிறுத்துனா. நான் அப்படி என்னத்த சொல்லிட்டேன்?

அந்த டீச்சரு வாரத்துக்கு ரெண்டு தடவ வருவாங்க. நான் வாசல்லயே நிறுத்தி, "தூங்குறா டீச்சர், நல்லாயிருக்கா டீச்சர், பெல்ட்டு போட்டுட்டுத்தான் இருக்கா டீச்சர்"னு அனுப்பிருவேன். ஒரு நாள், "கட்டை வெச்சு நடக்குறாளா?"ன்னாங்க. "ஓ, நல்லா நடக்குறா"ன்னேன். அதுல ஒண்ணும் பொய்யில்லையே.

ஆறு வாரம் முடிஞ்சுது. ஒரு நாள் காலையில எந்திரிக்கிறா, முட்டி நீள மாட்டேங்குது. மடக்குன மேனிக்கு நிக்குது. நீட்டிவிடப் போனா கத்துறா. அன்னைக்குத்தான் எங்க நாத்தனாரு எனக்கு வேட்டு வெச்சாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம டீச்சருக்கு ஃபோனப் போட்டுட்டாங்க. நான் தண்ணி புடிக்கப் போன நேரம் பாத்து. அரை மணி நேரத்துல அந்தம்மா கூடவே ஹெட்மிஸ்ட்ரஸக் கூட்டிட்டு வந்து நிக்கிறாங்க. கார்ல! நாத்தனாரு எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. பாலு, வாளி, குழாயடி, ஒண்ணு விடாம.

ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டு முட்டிய நீட்டி, பெல்ட்டத் திரும்ப மாட்டிவிட்டாங்க. பாதி கிழிஞ்சிருந்தது இப்ப முழுசாப் போச்சாம். கூடவே எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்காம்ல, அதுவும் நைஞ்சு போச்சாம். டாக்டரு சின்னப் பையன். எங்கிட்டக் கேக்குறாரு, "இந்தக் கால வெச்சுக்கிட்டுத் தினமும் நடந்துச்சா இந்தப் புள்ள?"ன்னு. நடந்தா கால் கெட்டுப் போகுமாக்கா? உலகத்துல எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? உக்காந்தா கெடும், படுத்தா கெடும். நடந்து எவளுக்குக் கால் கெட்டுச்சு? "இனிமே கபடியெல்லாம் மறந்துர வேண்டியதுதான், ஒழுங்கா நடந்தாலே பெரிய விஷயம்"னு சொல்லிட்டு எழுதுறாரு, எழுதுறாரு, தல நிமிரல. இவ மூஞ்சியப் பாத்தேன். சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா.

வினோலியா டீச்சர் வராந்தாவுல என்னைய நிறுத்தி வெச்சுக் கேட்டாங்க. "உங்க பொண்ணும்மா அது. வலிக்குதுன்னு சொல்லலையா அவ?" நான் விட்டேனா? "சொன்னா. எல்லாப் புள்ளையும் சொல்லும். நீங்க மெயின் தெரு வழியாக் கொண்டுவராம இருந்திருந்தா நான் ஏன் அவள நடக்க விடப் போறேன்? பெல்ட்டப் போட்டுப் படுக்க வெச்சிருப்பேன்ல? எல்லாத்துக்கும் காரணம் நீங்கதான்"னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன். நியாயத்தச் சொன்னா கோவம் வந்துருமே. கடைசியில என்ன சொன்னாங்க தெரியுமா? இன்ன தேதிக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டு வரலைன்னா புள்ளைங்க பாதுகாப்பு ஆபீசுல எழுதிக் குடுப்பேன்னாங்க. பெத்தவளுக்கு எதிரா! எனக்கு மட்டும் எழுதிக் குடுக்கத் தெரியாதா? ஆபரேஷன் முடியட்டும். கல்வி அதிகாரிகிட்ட நேராப் போயி, எம்புள்ள காலக் கெடுத்தது இந்தம்மாதான்னு மனுக் குடுக்கப் போறேன். எம்பொண்ணு கையெழுத்தும் வேணுமாம் அதுக்கு. கேட்டேன். பேனாவ வாங்கி ஜன்னல் வழியா வெளிய போட்டுட்டா.

ஊருல இது வரைக்கும் யாருக்கும் தெரியாது. காருல வந்து கூட்டிட்டுப் போனத, கபடி செலக்ஷனுக்குன்னு சொல்லிட்டேன். இன்னைக்குக் கல்யாணம். அதுக்கப்புறம் பெரியப்பா வீட்டுல இருந்து பரீட்சைக்குப் படிக்கிறான்னு சொல்லிக்கலாம். ஒரு வருஷம் எப்படியாச்சும் ஓட்டிட்டா, நடையும் திரும்பிரும். திரும்பும்க்கா. எங்கைய விட்டு எங்க போயிரப் போகுது? மறுபடியும் வாளியக் கையில குடுத்து நானே பழக்குவேன்.

என்ன, கண்டக்டர் என்ன சொல்றாரு? பெரியாஸ்பத்திரியா? அதுக்குள்ள வந்துருச்சா? இருங்க, பையி. இந்தாங்க, கொஞ்சம் காலத் தள்ளிக்கங்க. எந்திரிச்சிட்டா பாருங்க. நான் வர்ற வரைக்கும் உக்காந்திருடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பரவாயில்ல, நல்லாத்தான் எந்திரிக்கிறா.

ஐயோ, என்னக்கா பண்றா? கண்டக்டர்கிட்ட என்ன பேச்சு? கேக்குதா உங்களுக்கு? கேக்காம என்ன, கிரவுண்டுல கத்துற மாதிரில கத்துறா. "அண்ணே, எனக்கு முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருச்சு. கால மடக்க முடியாது. மெதுவாத்தான் எறங்குவேன், கொஞ்சம் நிறுத்துங்க." அடிப்பாவி! பஸ்ஸு முழுக்கத் திரும்பிப் பாக்குது. பாவாடைய முட்டி வரைக்கும் தூக்கிச் சொருகிக்கிட்டா. பெல்ட்டு தெரியுதே! ரெண்டு மாசமா ஒருத்தரும் பாக்காத பெல்ட்டு.

நொண்டுறாக்கா. எல்லாரு முன்னாடியும் நொண்டி நொண்டிப் போறா. யாரு அது, தோளக் குடுக்குறது? முன்சீட்டுல கூடையோட இருந்த பூக்காரம்மாவா? இவளும் கூச்சமில்லாமக் கையப் போட்டுக்கிட்டா பாருங்க. டிரைவரு கூட எந்திரிச்சு வந்துட்டாரு. வேடிக்கை பாக்குறாங்க எல்லாம். நான் இப்ப எப்படி எறங்குறது? இத்தனை கண்ணுக்கு முன்னாடி எப்படி எறங்கி அவ பக்கத்துல நிக்கிறது? இதுல நம்மூருக்காரன் ஒருத்தன் இருந்தாலும் போச்சு.

நீங்க எந்திரிக்காதீங்க, உக்காருங்கக்கா. கையெடுத்துக் கும்பிடுறேன், சத்தம் போடாதீங்க. கண்டக்டர் கேக்குறாரு, "பாப்பாகூட யாரும்மா வந்தது?"ன்னு. சொல்லிராதீங்க. இந்தப் பக்கம் பாக்குறா. என்னையத்தான் பாக்குறா.

கேட்டீங்களா? "யாரும் வரலண்ணே"ன்னுட்டா.

கெட்டிக்காரிக்கா எம்பொண்ணு. கடைசி நேரத்துல என்னையக் காப்பாத்திட்டா பாருங்க. விசிலு அடிச்சிட்டாங்க, கெளம்பட்டும். நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன். இங்கருந்து நடக்குற தூரந்தானேக்கா?